சொன்னதும் வெட்டியதும்

ஒரு சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை அளக்காமல், வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் இன்னும் பிறக்கவில்லை. இதை ஒற்றைக்கண்ணர் சிரிக்காமல் சொல்வார். கேட்பவர்களும் சிரிக்கக் கூடாது. சிரித்தவர்களின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க அவர் இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்வார் என்பது தெருவுக்கே தெரியும்.

ஒற்றைக்கண்ணருக்குக் கண்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. பெயர் வந்த காரணம் வேறு. யாராவது புதுச் சக்கரம் கட்டக் கொடுத்தால் ரிம்மை இடது கையில் தூக்கிப் பிடிப்பார். சக்கரத்தின் நடுவில் வரும் ஹப்பை வலது கையில் வைத்துக்கொள்வார். இடது கண்ணை மூடுவார். கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். டீ குடிப்பவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதியில் பிடித்திருப்பார். ஒற்றைக்கண்ணர் அந்த அமைதி போதுமான அளவுக்கு முற்றும்வரை காத்திருந்து, பிறகு உள் அறையைப் பார்த்து, "இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு, மாப்ளே" என்பார். மில்லிமீட்டர் என்று சேர்த்துச் சொல்ல மாட்டார். அதெல்லாம் தெரியாதவர்களுக்கு.

உள்ளேயிருந்து, "சரி மச்சான்" என்று குரல் வரும். பிறகு கதவு சாத்தப்படும்.

உள் அறையில் இருந்தவர் அவருடைய தங்கை புருஷன். கம்பியை நீளத்துக்கு வெட்டி, முனையில் மரை போடும் கைச்சுற்று இயந்திரம் அங்கேதான் இருந்தது. இருபது நிமிஷம் கழித்து மாப்பிள்ளை முப்பத்தாறு கம்பிகளை ரப்பர் பேண்டு போட்டு இரண்டு கட்டாகக் கொண்டுவந்து வைப்பார். பின்சக்கரமானால் பல்சக்கரம் இருக்கும் பக்கத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையும்; அந்தச் சில்லறை விவகாரம் மாப்பிள்ளையின் பாடு. "நீங்க சொன்ன மாதிரியே, மச்சான்" என்று மட்டும் சொல்வார். ஒற்றைக்கண்ணர் கட்டைப் பிரித்துக் கோக்க ஆரம்பிப்பார். ஒரு கம்பி மூன்று கம்பிகளைக் கடந்து ரிம்மைப் போய்ச் சேரும். ரிம் ஓட்டையில் கம்பியைப் பிடிக்கும் நிப்பிளைத் திருகி இறுக்கியதும் கம்பியின் முனை நிப்பிளின் வெட்டுக்கு நேராக, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் நிற்கும். பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். பதினெட்டுப் பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் நடந்தது.

மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அளப்பார். ஆணியில் இரண்டு பழைய கம்பித் துண்டுகளை மாட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் சரியாக இருநூற்றைம்பது. அவற்றின் நுனியில் நிப்பிளைத் திருகி, ரிம்மில் ஓர் ஓட்டையிலும், பதினெட்டு ஓட்டை எண்ணி அதற்கு நேர் எதிர் ஓட்டையிலும் மாட்டி, இரண்டையும் நடுவை நோக்கி இழுத்துப் பிடித்து, இடையில் இருக்கும் இடைவெளியை டேப்பால் அளப்பார். அதோடு ஐந்நூற்றைக் கூட்டினால் ரிம்மின் உள்ளளவு. அத்தோடு விட மாட்டார். ஒன்பது ஓட்டை தள்ளி, குறுக்கு வாட்டத்தில் மறுபடியும் அளப்பார். எந்த ரிம்மும் முழு வட்டம் கிடையாது என்பது அவருடைய கட்சி. பிறகு ஹப்பில் கம்பி கோக்கும் காதுகளை அளந்து, பலகையில் முக்கோணம் போட்டு, எட்டாம் வகுப்புக் கணக்கை எட்டாம் வகுப்புப் பையன் மாதிரியே நாக்கைத் துருத்திக்கொண்டு போடுவார்.

ஒற்றைக்கண்ணர் அவருக்குச் சர்வேயர் என்று பெயர் வைத்திருந்தார். "நான் சொன்னதுக்கப்புறம் அளக்கறாரு. அளந்து அளந்து கடைசியில நான் சொன்னதுக்கே வந்து சேர்றாரு. காலையில எழுந்து சூரியன் வந்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்கற ஆளு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். சாத்திய கதவுக்குப் பின்னால் மாப்பிள்ளைக்கு அது கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் சொல்வது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஓர் எறும்புகூடத் திரும்பிப் படுக்க முடியாது என்று இன்னொன்று வைத்திருந்தார். அதை வாரத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்.

மாப்பிள்ளை இறந்துபோனது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி வாக்கில்.

அன்றைக்குக் கட்ட வேண்டியது தங்கையின் சைக்கிளுக்குப் பின்சக்கரம். பேக்கரியிலிருந்து ரொட்டித் தட்டுகளைக் கடைகளுக்கும் ஆஸ்பத்திரி கேண்டீனுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. சைக்கிள் சொந்தமாக இருக்க வேண்டும், பாரம் தாங்க வேண்டும் என்பது பேக்கரிக்காரரின் நிபந்தனை. பழைய ரிம் விரிசல் விட்டிருந்ததால் புது ரிம், பாரத்துக்கான கனத்த ஹப், இரண்டும் வாங்கி வந்திருந்தார்கள். தபால்காரர் தன் வண்டிக்குக் காற்றடிக்க வந்தவர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். ஒற்றைக்கண்ணர் ரிம்மைத் தூக்கி, கண்ணை மூடி, பார்த்து முடித்து, மாப்பிள்ளையிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். சொந்தத் தங்கை வண்டியாயிற்றே, கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டாமா. ஒரு டீ குடித்து முடித்த பிறகு குரல் கொடுத்தார்.

"இருநூத்தி எண்பத்தெட்டு, மாப்ளே."

உள்ளேயிருந்து பதில் இல்லை. மறுபடி சொன்னார். பதில் இல்லை. மூன்றாம் தடவை தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு தபால்காரரைப் பார்த்து, "சர்வேயர் இன்னும் சூரியனத் தேடிக்கிட்டிருக்காரு" என்றார். தபால்காரர் சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்தே சிரித்தார்கள்.

பத்து நிமிஷம் கழித்து ஒற்றைக்கண்ணர் கதவைத் தள்ளினார். பாதிதான் திறந்தது. கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மாப்பிள்ளையின் கால் இருந்தது. இயந்திரத்தில் சாய்ந்து, ரிம்மை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதை வைத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒற்றைக்கண்ணரைப் பார்த்தார். இதயம் என்றார். ஒற்றைக்கண்ணர் தலையாட்டினார். மாப்பிள்ளையின் சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கடை வாசலில் வாடகை நாற்காலிகள் கிடந்தன. வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒற்றைக்கண்ணர் நான்கு வாக்கியம் சொன்னார். காலையில் நன்றாகத்தான் இருந்தார். டீ குடித்தார். உள்ளே போனார். அவ்வளவுதான். மூன்றாம் நாளுக்குள் அந்த நான்கும் பழைய டயர் மாதிரி வழுக்கையாகிவிட்டன. சொல்லும்போது எதிலும் பிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒருவரிடம் வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டார். உள்ளே போனார், டீ குடித்தார். வந்தவர் அதற்கும் உச்சுக் கொட்டினார்.

அழுகை வரவில்லை. வரும், கொஞ்சம் பொறு என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார், பஸ்ஸுக்கு நிற்பவர் போல. அதற்குப் பதிலாகப் பசித்தது. கண்டபடி பசித்தது. வீட்டில் மனைவி போட்டதை எல்லாம் தின்றார். மூன்றாம் தடவை கரண்டியோடு வரும்போது மட்டும் கொஞ்சம் நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மறுநாளிலிருந்து வெளியில் தின்னத் தொடங்கினார்.

எட்டாம் நாள் கடையைத் திறந்தார். இனி கம்பி வெட்டுவது யார் என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். சொல்லத் தெரிந்தவனுக்கு வெட்டத் தெரியாதா என்று ஒற்றைக்கண்ணர் திருப்பிக் கேட்டார். உள் அறைக் கதவை அகலத் திறந்து சுவரோடு சேர்த்துச் சாய்த்து, சாத்திக்கொள்ளாதபடி ஒரு செங்கல்லை அண்டை கொடுத்து வைத்தார். அது இனிச் சாத்தக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. ஏன் என்று யோசிக்கவில்லை.

முதலில் வந்தது தபால்காரரின் முன்சக்கரம். கண்ணை மூடினார், சொன்னார், தானே போய், இயந்திரத்திலிருந்த அளவுக்கோட்டில் வைத்து, சொன்ன நீளத்துக்கே வெட்டினார். கோத்தார். நிப்பிளைத் திருகத் திருக மரை தீர்ந்துபோயிற்று, கம்பி மட்டும் தொளதொளவென்று இருந்தது. எப்படியோ பிடித்து நிறுத்திக் கொடுத்தார். மறுநாளே கம்பி முனைகள் ட்யூபைக் குத்திக்கொண்டு நின்றன. தபால்காரர் நனைந்த கடிதங்களோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ரிம் சரியில்லை என்றார் ஒற்றைக்கண்ணர். இரண்டாவது சக்கரத்தில் கம்பி எட்டவே இல்லை. நிப்பிள் இரண்டு சுற்றில் கழன்று வந்தது. கம்பி வாங்கிய இடம் சரியில்லை என்றார். மூன்றாவதற்கு மழை. இந்த மழையில் இரும்பு ஊதிப்போகிறது என்றார். கேட்டவர் வானத்தைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார், சரி என்று போய்விட்டார். துக்க வீட்டுக்காரரோடு யார் இரும்பைப் பற்றி வாதாடுவார்கள்?

மழையும் விடாமல்தான் பெய்தது. கடைக் கூரைத் தகரத்தில் ஒரே சீராக, நிற்பதற்கும் வலுப்பதற்கும் மனமில்லாமல் பெய்தது. சாக்கடை ஓரத்தில் பழைய ட்யூப் ஒன்று மூன்று நாளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

பேக்கரிக்காரர் குடையோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நல்ல மனுஷர். மாப்பிள்ளையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம் என்றார். வருகிற திங்கட்கிழமைவரை தங்கச்சிக்காக வேலையை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் தட்டுகள் காத்திருக்காது, ரொட்டி காய்ந்துவிடும், வேறு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் புதுச் சக்கரத்துக்குப் பத்து நாள் ஆகும் என்று விசாரித்தும் வைத்திருந்தார். இனி அந்த வீட்டில் சம்பாதிக்க இருப்பது அவள் ஒருத்திதான் என்பதை இரண்டு பேரும் சொல்லாமல் விட்டார்கள். போகும்போது ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அது புதன்கிழமை. பன்னைப் பார்த்ததும் ஒற்றைக்கண்ணருக்குப் பசித்தது. எதிர்க்கடையில் இரண்டு பேர் இவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை போய்ப் பதினைந்து நாளில் நடுக்கடையில் உட்கார்ந்து பன் தின்பது சரியாகப் படவில்லை. காகிதத்தோடு உள் அறைக்குப் போனார். காலால் செங்கல்லை நகர்த்தினார். கதவைச் சாத்தினார்.

அந்தக் கதவை உள்ளிருந்து அவர் சாத்தியதே இல்லை. சாத்துவது மாப்பிள்ளைதான். அதனால் அதன் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததில்லை.

கதவு முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. மேலே இரண்டு தலைப்பு. சொன்னது. வெட்டியது. கீழே வரிசையாக எண்கள், பொடிப் பொடியாக, மாப்பிள்ளையின் நாக்குத் துருத்திய கையெழுத்தில். 291, 287. 305, 302. 262, 266. 294, 289. ஒவ்வொரு வரிக்கும் இடது ஓரத்தில், இன்னும் சின்ன எழுத்தில், வண்டிக்காரர் யார் என்பதும் குறுக்கும் நெடுக்குமாக அளந்த இரண்டு அளவும் இருந்தன.

ஒற்றைக்கண்ணர் பன்னைக் கடித்தார். முதல் வரியிலிருந்து கீழே இறங்கினார். பதினேழாவது வரியில்தான் இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தது. அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது. மொத்தம் எழுபத்திரண்டு வரி. வட்டம் நான்கு.

பன்னைப் பாதியில் வைக்கவில்லை. முழுவதையும் தின்றார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மறுபடி மேலிருந்து படித்தார். இந்த முறை மெதுவாகப் படித்தார், ஏதாவது ஒன்றிரண்டு வட்டம் விட்டுப்போயிருக்கும் என்பது போல. விட்டுப்போகவில்லை. மாப்பிள்ளை எதையும் விடுகிற ஆள் இல்லை.

கடைசி வரி வேறு மாதிரி இருந்தது. ஓரத்தில் "வீட்டு வண்டி" என்று எழுதியிருந்தது. 586 என்று ஓர் அளவு. அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி. காற்புள்ளிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. சொன்னது என்பதற்குக் கீழேயும் ஒன்றும் இல்லை.

அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னதைக் கேட்ட உடனே எழுதுகிற ஆள். மூன்று தடவை கத்தியதில் ஒரு தடவை காதில் விழுந்திருந்தாலும் 288 அங்கே இருந்திருக்கும். ஆக, முதல் தடவை கத்தும்போதே கேட்க ஆள் இல்லை. அப்படியானால் அதற்குப் பிறகு சொன்ன சூரியனும் கேட்டிருக்காது. இதை அவர் இரண்டு மூன்று முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். ஆறுதலாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. இருந்ததா என்று தெரியவில்லை.

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வெளியில் யாரோ காற்றடிக்கக் கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தங்கை வந்தாள். குடையை வாசலில் விரித்தபடியே வைத்துவிட்டு, உள் அறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். ஒற்றைக்கண்ணர் கதவைச் சாத்திக் காட்டினார். அவள் பார்த்தாள். பழைய காலண்டரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"மொதல்லருந்தே."

"பத்தொம்பது வருஷமாவா?"

"பதினெட்டு. மொத வருஷம் நீ சொன்னபடியேதான் வெட்டினாரு. சக்கரமெல்லாம் திரும்பித் திரும்பி வந்துச்சே, ஞாபகம் இல்லயா? மழை ஜாஸ்தி, இரும்பு ஊதுதுன்னு சொன்ன."

அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்த வருஷம் மழை அதிகம் இல்லை என்பதும் இப்போது ஞாபகம் வந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"நானும் அதத்தான் கேட்டேன். 'ஒங்கண்ணன் அளக்க ஆரம்பிச்சாருன்னா பேச்சு நின்னுடும். பேச்சு நின்னா கடைக்கு எவன் வருவான்? என் மூஞ்சியப் பாக்கவா வருவாங்க'ன்னாரு." அவள் புடவை ஓரத்திலிருந்த சேற்றைச் சுரண்டினாள். "அவரு சொன்னதும் நெசந்தான. அவரு மூஞ்சியப் பாக்க யாரு வருவா?"

"உள்ள ஒக்காந்து சிரிச்சிருப்பான்."

"சிரிக்க மாட்டாரு. வட்டம் போட்ட அன்னைக்கு மட்டும் வந்து சொல்லுவாரு. செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடியே. 'இன்னைக்கு மச்சான் சரியாச் சொல்லிட்டாரு.' ஏதோ தனக்கே பரிசு விழுந்த மாதிரி. எனக்குத்தான் எரிச்சலா வரும்."

"நாலு தடவதான் போட்டிருக்கு."

"இந்த வருஷம் நாலு. வருஷம் பொறந்தா கதவத் தொடச்சிருவாரு. ஒரு வருஷம் ஒம்போது வந்துச்சு."

"ஒம்போதா?"

"ஒம்போது."

ஒற்றைக்கண்ணருக்கு உள்ளே எங்கோ சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து அவருக்கே வெட்கமாக இருந்தது. இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். கம்பி எதுவும் இல்லாததால் அது லேசாகச் சுற்றியது.

"அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன்" என்றார். "அவன் உள்ள இருக்கும்போது. சூரியன்னு."

"தபால்காரரு வந்து சொன்னாரு. மனசு கேக்கலியாம்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெனமும் சொன்னதுதான" என்றாள் தங்கை.

அதில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். அவள் குரல் பதினைந்து நாளாகவே அப்படித்தான் இருந்தது, அணைத்துவிட்ட ரேடியோ மாதிரி. கைப்பையைத் திறந்து ஓர் அளவு டேப்பை எடுத்து இயந்திரத்தின்மேல் வைத்தாள். மஞ்சள் நிறம் தேய்ந்து வெளுத்திருந்தது.

"அவரு பேண்ட் பையில இருந்துச்சு. கடையில வேற டேப் கெடயாதுன்னு எனக்குத் தெரியும்." எழுந்தாள். "திங்கக்கெழம காலையில அஞ்சரைக்கு நான் பேக்கரி வாசல்ல நிக்கணும். சக்கரத்தோட."

சனிக்கிழமை காலை ஒற்றைக்கண்ணர் முன்கடையைத் திறக்காமல், பின்வாசல் வழியாக உள்ளே போனார். அந்த ரிம் மாப்பிள்ளையின் மடியிலிருந்து எடுத்துச் சாய்த்து வைத்த இடத்திலேயே இருந்தது. ஆணியிலிருந்து இரண்டு கம்பித் துண்டுகளையும் எடுத்தார். ஓர் ஓட்டையில் ஒன்றை மாட்டி, எதிர் ஓட்டைக்கு எண்ண ஆரம்பித்தார். பதினொன்றில் எண்ணம் எங்கோ போய்விட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். பதினாலில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மூன்றாம் முறை விரலை வைத்து, உதட்டை அசைத்து எண்ணினார். பதினெட்டு எண்ணுவது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இடைவெளி எண்பத்தாறு. ஐந்நூற்றைக் கூட்டினால் கதவில் இருந்த எண்ணேதான். அந்த ஆள் உட்காருவதற்கு முன் அளந்தது இந்த இடத்தில்தான் என்று தெரிந்தது. ஒன்பது ஓட்டை தள்ளினார். குறுக்கே மாட்டி இழுத்தார். எண்பத்தெட்டு. எந்த ரிம்மும் முழு வட்டம் கிடையாது.

சாக்பீஸை எடுத்துக் காற்புள்ளிக்குப் பிறகு 588 என்று எழுதினார். அவருடைய எழுத்து பக்கத்தில் இருந்ததைவிடப் பெரிதாக, கோணலாக விழுந்தது. அழித்துச் சின்னதாக எழுதினார்.

கணக்குதான் பாடாய்ப் படுத்தியது. பலகையில் மாப்பிள்ளை போட்டு வைத்திருந்த பழைய முக்கோணங்களைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். ஒரு முறை முன்னூற்று நாற்பது வந்தது. அவ்வளவு கம்பி இருந்தால் ஜன்னலுக்கே போடலாம். இன்னொரு முறை ஒரு பக்கத்தைக் கூட்ட மறந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மனைவி கூப்பிட்டனுப்பியும் போகவில்லை. பதினெட்டு நாளில் முதல் தடவையாக அவருக்குப் பசிக்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு பக்கத்துக்கு இருநூற்று எண்பத்து நான்கும், பல்சக்கரப் பக்கத்துக்கு இருநூற்று எண்பத்திரண்டும் வந்தன. நம்பிக்கை இல்லாமல் முதலிலிருந்து போட்டார். மறுபடியும் அதுவே வந்தது. அப்போதுதான் தான் நாக்கைத் துருத்திக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. உள்ளே இழுத்துக்கொண்டார்.

சொன்னது என்பதற்குக் கீழே 288 என்று எழுதினார். வெட்டியது என்பதற்குக் கீழே 284 என்று எழுதினார். வட்டம் போட வாய்ப்பில்லை.

ஞாயிறு மாலைக்குள் சக்கரம் முடிந்துவிட்டது. நிப்பிளை இறுக்கியபோது கம்பி முனை வெட்டுக்கு நேராக வந்து நின்றது, முப்பத்தாறும். சுற்றிவிட்டுக் கோட்டம் பார்த்தார். சக்கரம் சத்தம் காட்டாமல் வெகுநேரம் சுற்றியது. நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது வரும் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. ஒன்றும் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு அவர் பேக்கரிக்கு எதிரில் போய், கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து நின்றார். தங்கை வந்தாள். பேக்கரிக்காரர் பின்சக்கரத்தை ஒரு முறை காலால் தட்டிப் பார்த்தார். தட்டுகளை ஏற்றினார்கள், ஒன்றின்மேல் ஒன்றாக எட்டு. சக்கரம் ஓர் அங்குலம்கூட அசங்கவில்லை. அவள் ஏறி மிதித்தாள். அண்ணன் நிற்பதைப் பார்த்தாள். கையைக் காட்டவில்லை, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தது. தெரு முனையில் பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் பின்சக்கரம் நேராகவே ஓடியது. ரொட்டி வாசனை மட்டும் கொஞ்ச நேரம் தெருவில் நின்றது.

ஒன்பது மணிக்குத் தபால்காரர் முன்சக்கரத்தைத் தனியாகக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். ஒற்றைக்கண்ணர் இரண்டு நாளாகக் கடையை மூடி வைத்திருந்ததால் டீக்கடையிலிருந்து இரண்டு பேர் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சக்கரத்தைப் பிரித்தாகிவிட்டது. தபால்காரர் ரிம்மை நீட்டினார். ஒற்றைக்கண்ணரின் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார்.

"கண்ணு இப்ப சரியாயிடுச்சா அண்ணே?"

பெஞ்சில் இருந்த ஒருவர் கேட்டார். வேண்டுமென்றே கேட்டதாகத் தெரியவில்லை.

ஒற்றைக்கண்ணர் ரிம்மை இடது கையில் தூக்கிப் பிடித்தார். ஹப்பை வலது கையில் வைத்துக்கொண்டார். இடது கண்ணை மூடினார். பெஞ்சில் பேச்சு நின்றது. டீ டம்ளர் ஒன்று பாதியில் நின்றது. அமைதி முற்றும்வரை அவர் காத்திருந்தார். இப்போதும் அவருக்கு ஓர் எண் தெரிந்தது. எப்போதும் போல, எந்தச் சந்தேகமும் இல்லாமல், பளிச்சென்று தெரிந்தது.

"இருநூத்தி எண்பத்தொம்பது" என்றார், உள் அறையைப் பார்த்து.

உள் அறை சும்மா இருந்தது. தபால்காரர் தரையைப் பார்த்தார்.

"உலகத்துல ரெண்டே பேருதான்" என்று பெஞ்சில் இருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னார். அந்தப் பக்கத்து ஆள் தெருவுக்குப் புதிதாக இருக்க வேண்டும். "ஒருத்தரு இன்னும் பொறக்கவே இல்ல."

ஒற்றைக்கண்ணர் ரிம்மை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். செங்கல்லைக் காலால் நகர்த்தினார். கதவைச் சாத்தினார். சொன்னது என்பதற்குக் கீழே 289 என்று எழுதினார். ஆணியிலிருந்து கம்பித் துண்டுகளை எடுத்து, விரலை வைத்து, வெளியில் கேட்காதபடி பதினெட்டு ஓட்டை எண்ணினார். இழுத்துப் பிடித்து அளந்தார். அளவை ஓரத்தில் சின்னதாக எழுதி, ஒரு காற்புள்ளி வைத்தார்.

ஒன்பது ஓட்டை தள்ளி, மறுபடி அளந்தார்.